நுரையீரலிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் வழி: குழந்தைகளின் நுரையீரல் சிரைக் கோளாறுகளும் அடைப்பும்

"இதயத்தில் ஓட்டை" என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை. குமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், குழித்துறை, கருங்கல், அருமனை வட்டாரத்து ஊர்களில், களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்குக் குழந்தையைக் கொண்டுபோய் ஸ்ரீ சித்ராவிலோ எஸ்.ஏ.டி. மருத்துவமனையிலோ காட்டி வந்த குடும்பம் ஏதேனும் ஒன்று உறவிலோ அக்கம்பக்கத்திலோ இருக்கும். ஆனால் எக்கோ அறிக்கையில் ஓட்டையைப் பற்றி ஒரே ஒரு வரியும், நுரையீரல் சிரைகளைப் பற்றி மூன்று நான்கு வரிகளும் இருந்துவிட்டால், அந்தத் தாளோடு வெளியே வரும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "ஓட்டையை அடைத்தால் சரியாகிவிடும்தானே?" என்பதாகவே இருக்கிறது. உண்மையான பதில் அவர்களைத் திடுக்கிட வைக்கும். இந்தக் கோளாறுகளில் மிகக் கடுமையான வகையில், குழந்தையின் உயிரைப் பிடித்து வைத்திருப்பதே அந்த ஓட்டைதான். சிக்கல் இருப்பது அதற்குப் பின்னால், நுரையீரலிலிருந்து இரத்தம் திரும்பி வரும் வழியில்.

இயல்பான அமைப்பிலிருந்து தொடங்கலாம். உடல் முழுவதும் சுற்றி ஆக்சிஜனை இழந்த இரத்தம், மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை என்ற இரண்டு பெரிய குழாய்களின் வழியாக இதயத்தின் வலது மேலறைக்கு வருகிறது. அங்கிருந்து வலது கீழறைக்கு இறங்கி, நுரையீரல் தமனி வழியாக நுரையீரலுக்குப் போய், ஆக்சிஜனை ஏற்றிக்கொள்கிறது. அப்படிச் செந்நிறமாகிய இரத்தத்தை இதயத்தின் இடது மேலறைக்குத் திருப்பிக் கொண்டுவருபவை நுரையீரல் சிரைகள். வலது நுரையீரலிலிருந்து இரண்டு, இடது நுரையீரலிலிருந்து இரண்டு என்று பெரும்பாலானவர்களுக்கு நான்கு சிரைகள் தனித்தனி வாய்களோடு இடது மேலறையின் பின்சுவரில் திறக்கின்றன. பிறகு அந்த இரத்தம் இடது கீழறைக்குப் போய், அங்கிருந்து உடலெங்கும் பாய்கிறது. சிரை என்றாலே ஆக்சிஜன் குறைந்த இரத்தம் ஓடும் குழாய் என்று பள்ளியில் படித்திருப்போம். பிறந்த பிறகு உடலில் அந்த விதிக்கு விலக்காக இருப்பவை இந்தச் சிரைகளே. அவற்றில் ஓடுவது உடலிலேயே ஆக்சிஜன் மிகுந்த இரத்தம்.

இந்த இணைப்பு கருவில் உருவாகும் விதத்தைத் தெரிந்துகொண்டால், கோளாறுகளின் பெயர்கள் எல்லாம் தாமாகவே புரியத் தொடங்கும். கரு வளரும் முதல் மாதத்தில் நுரையீரல் மொட்டும் இதயமும் தனித்தனியாகத் தோன்றுகின்றன. தொடக்கத்தில் நுரையீரலின் சிறு சிரைகளுக்கு இதயத்தோடு நேரடித் தொடர்பு கிடையாது. அவற்றின் இரத்தம் கருவின் உடற்சிரைகளிலேயே வடிகிறது. நான்காவது வார இறுதியை ஒட்டி, இடது மேலறையின் பின்சுவரிலிருந்து ஒரு பொதுச் சிரை முளைத்து நுரையீரலை நோக்கி வளர்ந்து அந்தச் சிறு சிரைகளோடு சேர்கிறது. சேர்ந்தபின் பழைய தொடர்புகள் மெல்ல மறைந்துபோக, அந்தப் பொதுச் சிரையும் கொஞ்சம் கொஞ்சமாக மேலறைச் சுவருக்குள்ளேயே உள்வாங்கப்பட்டு, கடைசியில் நான்கு சிரைகளின் வாய்கள் மட்டும் சுவரில் மிஞ்சுகின்றன.

இந்த நிகழ்வில் எந்தப் படியில் பிசகு ஏற்பட்டதோ, அதற்கேற்ற கோளாறு உண்டாகிறது. இந்தச் சேர்க்கை நடக்கவே இல்லை என்றால், நான்கு சிரைகளின் இரத்தமும் பழைய உடற்சிரைகள் வழியாகச் சுற்றி வலது மேலறைக்கே வந்து சேரும். ஒன்றிரண்டு சிரைகள் மட்டும் வழிமாறினால் அது பகுதிக் கோளாறு. சேர்ந்த பொதுச் சிரை முழுமையாக உள்வாங்கப்படாமல் நின்றுவிட்டால், இடது மேலறைக்குள் ஒரு திரை போன்ற தடுப்பு ஏற்பட்டு, மேலறை இரண்டாகப் பிரிந்தது போலிருக்கும். எல்லாம் சரியாகச் சேர்ந்த பிறகும் சிரைகளின் வாய்கள் குறுகிப்போவது இன்னொரு வகை. அதைக் கடைசியில் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது மற்றவற்றைப் போல் பிறவியோடு முடிந்துபோகும் கோளாறு அன்று.

நான்கும் வழிமாறும்போது

நான்கு சிரைகளும் வழிமாறுவதைத்தான் மருத்துவமனைகளில் டி.ஏ.பி.வி.சி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். ஜேம்ஸ் வில்சன் என்பவர் 1798-இலேயே இப்படி ஒரு குழந்தையின் இதயத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு லட்சம் பிறப்புகளில் ஏழெட்டுக் குழந்தைகளுக்கு இது வரலாம் என்பது பொதுவான கணக்கு. அரிது என்று தோன்றும் இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இன்னொரு உண்மை இருக்கிறது. சிகிச்சை இல்லாமல் விட்டால், இந்தக் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேர் முதல் பிறந்தநாளைப் பார்ப்பதில்லை. சரியான நேரத்தில் அறுவைச் சிகிச்சை கிடைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஓடியாடி வளர்கிறார்கள். இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும் நோயில், தாமதம் என்பதே ஒரு தனி நோய் என்று நான் கருதுகிறேன்.

இடது மேலறைக்கு நுரையீரலிலிருந்து ஒரு துளி இரத்தமும் நேரடியாக வராதபோது, உடலுக்கு எங்கிருந்து இரத்தம் போகும்? இரண்டு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரின் துளை வழியாகத்தான். உடலிலிருந்து வந்த இரத்தமும் நுரையீரலிலிருந்து வந்த இரத்தமும் வலது மேலறையில் கலந்து, அந்தக் கலப்பில் ஒரு பங்கு துளை வழியாக இடப்பக்கம் போய் உடலுக்குப் பாய்கிறது. ஆகவே உடலுக்குக் கிடைப்பது எப்போதும் கலந்த இரத்தம். அதனால்தான் குழந்தையின் உதடும் நகங்களும் சற்று நீலம் பாரித்துத் தெரிகின்றன. தொடக்கத்தில் சொன்ன அந்த ஓட்டை உயிர்காப்பதும் இவ்வாறே.

சிரைகள் எங்கே போய்ச் சேருகின்றன என்பதை வைத்து 1957-இல் டார்லிங் என்பவர் வகுத்த பிரிவுகளைத்தான் இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். ஏறக்குறையப் பாதிக் குழந்தைகளுக்குச் சிரைகள் ஒன்றுசேர்ந்து மேல்நோக்கி ஏறி, மேற்பெருஞ்சிரையில் கலக்கின்றன. நான்கில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு அவை இதயத்துக்குள்ளேயே, ஆனால் வலப்பக்கத்தில் திறக்கின்றன. இன்னொரு நான்கில் ஒரு பங்கினருக்கு, பொதுச் சிரை உதரவிதானத்தைத் துளைத்துக்கொண்டு வயிற்றுக்குள் இறங்கி, கல்லீரலுக்குப் போகும் சிரையில் சேருகிறது. மிச்சமுள்ள மிகச் சிலருக்கு இவற்றின் கலப்பு வடிவம்.

அடைப்பே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது

பெற்றோர் பலரும் இந்த வகைகளின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டு, எந்த வகை நல்லது, எந்த வகை கெட்டது என்று கேட்கிறார்கள். அதைவிடக் கேட்க வேண்டிய கேள்வி, வழியில் அடைப்பு இருக்கிறதா என்பது.

நாஞ்சில் நாட்டு வயல்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வாய்க்காலில் வரும் நீர் அளவாகவே வந்தாலும், வடிகால் மடை அடைத்துக்கொண்டால் நீர் வயலிலேயே தேங்கி, வரப்பைத் தாண்டிப் பரவி, பயிரை அழுக வைத்துவிடும். நுரையீரலுக்கு வடிகால் இந்தச் சிரைகள். வலது கீழறை நுரையீரலுக்குள் இரத்தத்தைத் தள்ளிக்கொண்டே இருக்க, வெளியேறும் வழி நெருக்கப்பட்டிருந்தால், நுரையீரலின் நுண்ணிய குழாய்களில் அழுத்தம் ஏறி, நீர் கசிந்து காற்றறைகளை நிரப்பத் தொடங்குகிறது. காற்று நுழைய வேண்டிய இடத்தில் நீர் நிற்பதால் ஆக்சிஜன் மேலும் குறைகிறது. நுரையீரல் தமனியின் அழுத்தமும் கூடி, வலது கீழறை களைத்துப்போகிறது.

வயிற்றுக்குள் இறங்கும் வகையில் இந்த அடைப்பு ஏறக்குறைய எப்போதும் இருக்கும். காரணம் எளிது. கருவில் இருக்கும்போது கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போக ஒரு குறுக்குச் சிரை திறந்திருக்கிறது. பிறந்த சில நாட்களுக்குள் அது மூடிக்கொள்கிறது. அதன்பின் நுரையீரலிலிருந்து வரும் இரத்தம் முழுவதும் கல்லீரலின் மிக நுண்ணிய இடைவெளிகளில் வடிந்துதான் இதயத்துக்கு வர வேண்டும். அவ்வளவு இரத்தத்துக்கு அந்த வழி போதாது. மேல்நோக்கி ஏறும் வகையிலும் சிலருக்கு, அந்தச் சிரை இடது மூச்சுக்குழாய்க்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நெருக்கப்படுவது உண்டு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் குழந்தைகள் கருவில் நன்றாகவே வளர்கிறார்கள். அங்கே ஆக்சிஜன் தருவது நஞ்சுக்கொடி. நுரையீரலுக்குப் போகும் இரத்தம் மிகக் குறைவு. ஆகையால் சிரை வழிமாறியிருந்தாலும் கருவுக்கு ஒன்றும் தெரிவதில்லை. மூன்று கிலோ எடையில், நல்ல அழுகையோடு பிறந்த பிள்ளைக்குச் சில மணி நேரத்திலோ மறுநாளோ எப்படி இப்படி ஆயிற்று என்று பெற்றோர் மருத்துவமனையையோ பிரசவம் பார்த்தவர்களையோ சந்தேகிப்பது இதனால்தான். நுரையீரலுக்கு முழு அளவில் இரத்தம் பாயத் தொடங்கிய பிறகே அடைப்பு தன் வேலையைக் காட்டும். பிரசவத்தில் நடந்த எதுவும் இதற்குக் காரணமாவதில்லை.

நுரையீரல் நோய் போலவே தோன்றும் இதய நோய்

அடைப்பு கடுமையாக உள்ள பச்சிளங்குழந்தை, பிறந்த சில மணி நேரத்திலோ சில நாட்களுக்குள்ளோ நீலம் பாரித்து, மூச்சு வாங்கி, வென்டிலேட்டரில் வைக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. இதய நோய் என்று யாரும் உடனே நினைப்பதில்லை, ஏனென்றால் ஸ்டெதஸ்கோப்பில் முணுமுணுப்பு ஓசை பெரும்பாலும் கேட்பதில்லை. மார்பு எக்ஸ்ரேயில் இதயம் இயல்பான அளவிலோ சிறியதாகவோ இருக்கிறது. இரண்டு நுரையீரல்களும் மட்டும் மூடுபனி படர்ந்ததுபோல் வெண்மையாகத் தெரிகின்றன. குறைமாதக் குழந்தைக்கு நுரையீரல் முதிராமல் வரும் மூச்சுத் திணறலிலும், பிறந்தவுடன் வரும் நிமோனியாவிலும் எக்ஸ்ரே இதே தோற்றத்தில்தான் இருக்கும். ஆன்டிபயாடிக் தொடங்குகிறார்கள். ஆக்சிஜனைக் கூட்டுகிறார்கள். நுரையீரல் அழுத்தம் கூடியிருக்கிறது என்று கண்டு, நுரையீரல் தமனிகளைத் தளர்த்தும் மருந்துகளைத் தருகிறார்கள். வடிகால் அடைத்திருக்கும் குழந்தைக்கு இந்த மருந்துகள் நுரையீரலுக்குள் வரும் இரத்தத்தைக் கூட்டித் தேக்கத்தை மோசமாக்கக்கூடும். நீலக் குழந்தைகள் பலருக்கு உயிர்காக்கும் புரோஸ்டாகிளான்டின் ஊசிமருந்துகூட இங்கே அடைப்பைத் தீர்ப்பதில்லை. ஆகவேதான், நிறைமாதத்தில் பிறந்த குழந்தை மூச்சுத் திணறலுக்கான சிகிச்சைக்கு எதிர்பார்த்தபடி தேறாமல் இருந்தால், நான்கு நுரையீரல் சிரைகளையும் தேடிப் பார்க்கும் எக்கோ ஒன்று தாமதமில்லாமல் செய்யப்பட வேண்டும்.

அடைப்பு இல்லாத குழந்தையின் கதை மெதுவாக நகர்கிறது. பிறந்து சில வாரங்கள் எதுவும் தெரியாது. பிறகு நுரையீரலுக்கு மிதமிஞ்சிப் பாயும் இரத்தத்தால் வலப்பக்க இதயம் வீங்கி, குழந்தை வேகமாக மூச்சு விடத் தொடங்கும். அடிக்கடி சளியும் காய்ச்சலும் வரும். எடை ஏறாது. "பிள்ளைக்கு இழுப்பாக்கும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்ல, கணை என்று நினைத்து எண்ணெயோ உரைமருந்தோ கொடுத்து, மாதங்கள் கழிந்துவிடுவது உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சளியோடு வரும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குச் சளி மட்டுமே இருக்கிறது. வேறுபாட்டைக் காட்டிக்கொடுப்பது பால் குடிக்கும் நேரம்தான்.

அதைச் சற்று அருகில் இருந்து பார்க்க வேண்டும். ஆரோக்கியமான குழந்தை மார்பைப் பற்றிக்கொண்டால் சீராக உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விட்டு, நிறைந்தபின் தானே விட்டுவிடும். இதயம் களைத்த குழந்தை பசியோடு பற்றிக்கொள்ளும். நாலைந்து மடக்குக்குப் பின் வாயை எடுத்து, மூச்சு வாங்கி, மறுபடியும் பற்றும். சிறிது நேரத்தில் நெற்றியும் பின்தலையும் வியர்த்து, தாயின் முழங்கை மடிப்பில் ஈரம் படியும். வயிறு நிறையாமலே அயர்ந்து தூங்கிவிட்டு, அரைமணிக்குள் பசித்து அழும். மின்விசிறியின் கீழ் பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு நெற்றி வியர்க்கிறது என்றால் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

மூச்சை எண்ணுவதும் வீட்டிலேயே செய்யக்கூடியது. குழந்தை அழாமல், பால் குடிக்காமல், தூங்கும்போதோ அமைதியாகக் கிடக்கும்போதோ, சட்டையை விலக்கி வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பச்சிளங்குழந்தைகள் கொஞ்சம் வேகமாகவும் கொஞ்சம் நிறுத்தியும் மூச்சு விடுவதால், அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் கணக்குத் தவறும். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. உதடும் நாக்கும் நீலமாக இருந்தால், எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே புறப்பட வேண்டும். குளிரில் உள்ளங்கையும் பாதமும் மட்டும் நீலமாவது பல குழந்தைகளுக்கும் இயல்பு. நாக்கு நீலமாவது இயல்பு அன்று. மாநிறக் குழந்தைகளின் தோலில் நீலம் தெரிவது கடினம் என்பதால், நாக்கையும் ஈறையும் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே நம்பகமானது.

கண் காணத் தவறுவதை, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் காணும். பிறந்து 24 மணி நேரம் ஆனபின், வலது கையிலும் ஒரு காலிலும் அந்தச் சிறு பட்டையைச் சுற்றி, சிவப்பு விளக்கு எரிய, எண் நிலைபெறும்வரை காத்திருந்து பார்க்கிறார்கள். இரண்டு இடங்களிலும் 95 அல்லது அதற்கு மேல் இருந்து, இரண்டுக்கும் நடுவே மூன்றுக்கு மேல் வேறுபாடு இல்லையென்றால் தேறியது என்று பொருள். 90-க்குக் கீழே இருந்தால் உடனே மேற்பரிசோதனை. நடுவில் இருந்தால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். வலியில்லாத, சில நிமிடங்களில் முடிகிற இந்தச் சோதனை எங்கே பிரசவம் ஆனாலும் செய்யப்பட வேண்டும் என்பதே என் விருப்பம். வீட்டுக்கு அனுப்பும் முன் செய்தார்களா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். இருந்தாலும், நன்றாகக் கலந்த இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 95-ஐ ஒட்டி இருக்கும் குழந்தைகள் இந்தச் சோதனையில் தேறிவிடவும் கூடும். பிறகு மூச்சும் பாலும் சரியில்லையென்றால், முதல் நாள் எண்ணை நம்பி இருந்துவிடக் கூடாது.

எக்கோவும் அறுவைச் சிகிச்சையும்

எக்கோ பரிசோதனையே இதற்கு முதன்மையான சோதனை. ஆனால் இதயத்தின் பின்புறத்தில், நுரையீரலின் காற்றுக்கு நடுவே இருக்கும் இந்த மெல்லிய சிரைகளைப் பார்ப்பது எளிதன்று. குழந்தை அழுதால் படம் கலைந்துவிடும். வலது மேலறையும் கீழறையும் பெரிதாக, இடப்பக்கம் சிறிதாக இருப்பதும், துளையில் இரத்தம் வலமிருந்து இடமாக ஓடுவதும் சந்தேகத்தை எழுப்பும் அடையாளங்கள். பெற்றோர் கேட்கக்கூடிய, கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "நான்கு சிரைகளும் இடது மேலறையில் சேர்வதைப் பார்த்தீர்களா, டாக்டர்?" எக்கோவில் தெளிவாகாதபோது சி.டி. ஆஞ்சியோகிராம் எடுக்கிறார்கள். அதில் சிரைகள் போகும் வழி முழுவதும், நெருக்கம் உள்ள இடமும் தெரிந்துவிடும்.

மருந்தால் இந்த வழியைத் திருத்த முடியாது. அடைப்பு இருந்தால் அறுவைச் சிகிச்சை அவசரம். இரவென்றும் ஞாயிறென்றும் பார்ப்பதில்லை. அடைப்பு இல்லாவிட்டாலும், கண்டறிந்தபின் நாள் கடத்தாமல் செய்வதே வழக்கம். இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு, இதயத்தின் பின்னால் கிடக்கும் பொதுச் சிரையைத் திறந்து, இடது மேலறையின் பின்சுவரையும் திறந்து, இரண்டையும் அகலமாக இணைத்துத் தைக்கிறார்கள். துளையை மூடுகிறார்கள். ஓட்டையை அடைப்பதற்கான நேரம் இதுதான், இணைப்பு கிடைத்த பிறகு. இத்தகைய இயந்திரம் இல்லாத காலத்தில், 1951-இல், அமெரிக்காவில் முல்லர் என்ற அறுவை மருத்துவர் சிரைகளில் சிலவற்றை இடது மேலறையின் காது போன்ற பகுதியோடு இணைத்து முதல் வெற்றியைக் கண்டார். இன்று அனுபவமுள்ள மையங்களில், வேறு சிக்கல்கள் சேராத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் பிழைக்கிறார்கள். ஒற்றைக் கீழறையோ, உறுப்புகள் இடவலம் மாறியமைந்த நிலையோ சேர்ந்திருந்தால் ஆபத்து கூடும்.

சிரை குறுகுதல்

வெற்றிகரமாக அறுவைச் சிகிச்சை முடிந்த குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கோ அதற்குச் சற்று மேலோ, சில மாதங்களுக்குள் இணைப்பிலோ சிரைகளிலோ குறுக்கம் ஏற்படுகிறது. சிரையின் உட்சுவரில் தழும்புத் திசு போன்ற செல்கள் பெருகி வாயை நெருக்கிக்கொண்டே வருகின்றன. அதனால்தான் முதல் ஆறு மாதங்களில் அடிக்கடி எக்கோவுக்கு வரச் சொல்கிறார்கள். பிள்ளை சிரித்து விளையாடுகிறது, எடை ஏறுகிறது என்று ஒரு தேதியைத் தவறவிடும் பெற்றோரைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். குறுக்கம் தொடக்கத்தில் வெளியே எதையும் காட்டாது.

எந்த அறுவைச் சிகிச்சையும் செய்யாத, நான்கு சிரைகளும் சரியாகச் சேர்ந்திருக்கும் குழந்தைக்கும் இந்தக் குறுக்கம் தானாக வரலாம். மிகக் குறைமாதத்தில் பிறந்து, நீண்ட நாள் ஆக்சிஜனும் வென்டிலேட்டரும் தேவைப்பட்டு, நுரையீரல் நாள்பட்டுக் கெட்டுப்போன குழந்தைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளிடமும் காணப்படுகிறது. இவர்களுக்குப் பிறந்தவுடன் எடுத்த எக்கோ சரியாகவே இருந்திருக்கும். மாதங்கள் கழித்து, வீட்டில் ஆக்சிஜன் தேவை குறைய வேண்டிய காலத்தில் அது கூடும். நுரையீரல் அழுத்தம் ஏறும். மூத்த குழந்தைகளில் சிலர் இருமும்போது இரத்தம் வரும். பழைய எக்கோ நன்றாக இருந்தது என்பது இங்கே ஆறுதலாகாது. சிரைகளை மறுபடியும் தேடிப் பார்க்க வேண்டும்.

ஒரு சிரை மட்டும் குறுகினால் மற்றவை தாங்கிக்கொள்ளும். மூன்று, நான்கு சிரைகள் குறுகினால் நிலைமை கடினம். சிகிச்சையில், கேத் லாபில், அதாவது இரத்தக் குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் அறையில், பலூன் வைத்து விரிப்பார்கள். மறுபடி குறுகினால் ஸ்டென்ட் வைப்பார்கள். 1990-களில் கனடாவின் டொரன்டோவிலும் பிரான்சிலும் உருவான ஓர் அறுவை முறையில், குறுகிய சிரையை நீளவாக்கில் வெட்டித் திறந்துவிட்டு, சிரையின் விளிம்பில் தையல் போடாமல், சுற்றியுள்ள இதய உறையை மேலறையோடு தைத்து ஒரு பை போல் ஆக்குகிறார்கள். சிரையைத் தையல் தொடாததால் அங்கே தழும்பு வளர்வது குறைகிறது. செல்கள் பெருகுவதைத் தடுக்க, பாஸ்டன் போன்ற இடங்களில் இமாட்டினிப், பெவாசிசுமாப் போன்ற, புற்றுநோய்க்குத் தரும் மருந்துகளையும் சிரோலிமஸையும் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் சிலருக்கு நோய் முன்னேறுகிறது. பெற்றோரிடம் இதை மறைக்காமல் சொல்வதே நேர்மை. ஒரே சிகிச்சையில் முடிந்துவிடும் என்று எண்ணாமல், திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கும் என்ற தயாரிப்போடு தொடங்குபவர்கள் இடையில் விட்டுவிடுவதில்லை.

பகுதிக் கோளாறுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஒரு சிரை மட்டும் வழிமாறியிருப்பவர்கள் ஆயுள் முழுவதும் தெரியாமலே வாழ்வது உண்டு. வலது மேல்சிரை மேற்பெருஞ்சிரையில் திறந்து, அதன் அருகே ஓட்டையும் இருப்பது அடிக்கடி காணப்படும் வடிவம். வலது இதயம் வீங்கினால் அறுவைச் சிகிச்சை செய்து இரத்தத்தை இடப்பக்கம் திருப்புகிறார்கள். வலது நுரையீரலின் சிரை வளைவாள் போல் இறங்கிக் கீழ்ப்பெருஞ்சிரையில் சேரும் நிலையில், அந்த நுரையீரலே சிறுத்திருப்பதும் உண்டு. எக்ஸ்ரேயில் அந்த வளைவு நிழலாகத் தெரிவதால் அதற்கு வளைவாள் (சிமிட்டார்) நோய்க்குறி என்று பெயர்.

எல்லையின் இருபுறமும்

எங்கள் பக்கத்துப் பெண்ணைக் கேரளத்துப் பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ கட்டிக்கொடுத்திருப்பார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து குழித்துறையில் பிள்ளை பெறுவாள். குழந்தையின் முதல் எக்ஸ்ரே ஒரு மாநிலத்திலும், எக்கோ இன்னொரு மாநிலத்திலும் எடுக்கப்படும். காகிதங்கள் சிதறிவிடுகின்றன. பிறந்த நேரம், எடை, முதல் சாச்சுரேஷன் (ஆக்சிஜன் அளவு) எண், கொடுத்த மருந்துகள், எக்ஸ்ரே, எக்கோ படப்பதிவு ஆகியவை ஒரே கோப்பில் இருந்தால், அடுத்த மருத்துவமனையில் ஒரு மணி நேரம் மிஞ்சும். அடைப்புள்ள குழந்தைக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிது. பணத்துக்கும் எல்லை குறுக்கே நிற்கிறது. தமிழகக் குடும்ப அட்டை உள்ளவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. கேரளத்துக் குழந்தைகளுக்கு 2017-இல் தொடங்கிய ஹிருத்யம் திட்டம் இருக்கிறது. எந்த அட்டை எந்த மருத்துவமனையில் செல்லும் என்பதை, குழந்தையை மாற்றும் முன்பே, அனுப்பும் மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மேசையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது, வழியில் மூச்சுக் குழாயும் ஆக்சிஜனும் கவனிக்கத் தெரிந்த ஒருவர் ஆம்புலன்ஸில் உடன் வர வேண்டும். போய்ச் சேரும் இடத்துக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும். சொந்தக் காரில் மடியில் வைத்துக்கொண்டு விரைவது, நீலம் பாரித்த குழந்தைக்கு ஆபத்து.

அடுத்த குழந்தையைப் பற்றிய பயம் எல்லாத் தாய்மார்களுக்கும் இருக்கிறது. பெரும்பாலும் அடுத்த குழந்தைக்கு இது வருவதில்லை. ஆனாலும் முதல் குழந்தைக்கு இருந்தது என்று சொல்லி, 18 முதல் 22 வாரங்களுக்குள் கரு எக்கோ செய்துகொள்ள வேண்டும். கருவின் நுரையீரலில் இரத்த ஓட்டம் குறைவாக இருப்பதால், சாதாரண ஸ்கேனில் இந்தச் சிரைகள் கண்ணில் படாமல் போவது இயல்பு. அதனால் ஸ்கேன் அறைக்குள் நுழையும்போதே முதல் குழந்தையின் அறிக்கையைக் கையில் கொடுத்து, இடது மேலறைக்குள் சிரைகள் திறப்பதைக் குறிப்பாகப் பார்க்கும்படி கேட்டுக்கொள்வதும், சந்தேகம் இருந்தால் குழந்தைகள் இதய அறுவைச் சிகிச்சை நடக்கும் ஊரிலேயே பிரசவத்தை ஏற்பாடு செய்துகொள்வதும் நல்லது. அங்கே பிறந்தால், அடைப்பு இருந்தாலும், குழந்தை நிலைகுலைவதற்கு முன்பே எக்கோவும் அறுவை அரங்கும் எட்டும் தூரத்தில் இருக்கும்.